எட்டாது என்று எழுதாமல் விடாதீர்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். ஆனால் அவர் கையில் உண்மையாகவே இருக்கும் முடிவு ஒன்றுதான்: விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை, எந்தப் பாடப்பிரிவை, எந்த வரிசையில் எழுதுவது என்பது. பிளஸ் டூ மதிப்பெண் வந்தாகிவிட்டது. கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் சுருக்கிக் கூட்டி, 200-க்கு எவ்வளவு என்று கட்-ஆஃப் போட்டாகிவிட்டது. ஒரே கட்-ஆஃப் வாங்கியவர்களைக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் முதலியவற்றைக் கொண்டு பிரித்துப் பார்த்து, அப்படியும் சமமாக நின்றால் ரேண்டம் எண்ணைக் கொண்டு முன்பின் தீர்மானித்து, தரவரிசையும் வெளியாகிவிட்டது. இதில் எதையும் இனி மாற்ற முடியாது. மிச்சமிருப்பது அந்தப் பட்டியல். அதை எழுத உட்காரும்போதுதான் பிள்ளைகளுக்குத் தவறான அறிவுரை கிடைக்கிறது. “உன் கட்-ஆஃபுக்கு அதெல்லாம் வராது, மேலே போட்டு சாய்ஸை வீணாக்காதே” என்று உறவினரும் சொல்கிறார், பிரவுசிங் சென்டரில் பதிவுசெய்து தருபவரும் சொல்கிறார். அக்கறையோடு சொல்லப்பட்டாலும் அது தவறு. உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுவதுதான் சரியான வழி. கலந்தாய்வில் இடம் ஒதுக்கும் முறையைப் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

ஒரு சுற்றில் கலந்துகொள்ளும் எல்லாரும் பட்டியலைக் கொடுத்து முடித்த பிறகே ஒதுக்கீடு தொடங்குகிறது. தரவரிசையில் முதலில் நிற்பவரின் பட்டியலைக் கணினி மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. எந்த வரியில் இடம் இருக்கிறதோ அதை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. ஒவ்வொரு வரியிலும் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அந்த மாணவருடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இப்போது 40,000-ஆவது இடத்தில் நிற்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் என்று அவர் எழுதிய முதல் ஐந்து வரிகளிலும் இடம் தீர்ந்துவிட்டது. ஆறாவது வரியில் எழுதிய கல்லூரியில் ஓர் இடம் இருக்கிறது. அவருக்குப் பின்னால், 40,001-ஆவதாக நிற்கும் மாணவர் அதே கல்லூரியைத் தன் பட்டியலில் முதல் வரியாக எழுதியிருக்கிறார். இருவரும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு என்றே வைத்துக்கொள்வோம். இடம் யாருக்கு? மாணவிக்குத்தான். அவர் அதை ஆறாவதாக எழுதினாரா, அறுபதாவதாக எழுதினாரா என்பதைக் கணினி பொருட்படுத்துவதில்லை. அவருடைய முறை வரும்போது இடம் இருந்ததா என்பதே கேள்வி. மேலே எழுதிய ஐந்து ஆசைகளுக்காக அவர் எதையும் இழக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? காரணமில்லாத பயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. முதல் விருப்பமாகக் கேட்டவருக்கே முன்னுரிமை என்ற முறையில் நடக்கும் சேர்க்கைகளும் உலகில் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் முன்பு அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதலாவதாகக் கேட்டவர்களை முதலில் சேர்த்துக்கொள்ளும். மீதி இடம் இருந்தால்தான் இரண்டாவதாகக் கேட்டவர்களின் பக்கம் திரும்பும். நல்ல பள்ளியை ஆசைப்பட்டு முதலில் எழுதிக் கிடைக்காமல் போன குழந்தைக்கு, இரண்டாவதாக எழுதிய பள்ளியும் அதற்குள் நிரம்பியிருக்கும். அங்கே மனதில் உள்ளதை மறைத்து எழுதிய பெற்றோர் பிழைத்தார்கள். உள்ளபடி எழுதியவர்கள் ஏமாந்தார்கள். பொருளியல் அறிஞர்கள் இந்தக் குறையை எடுத்துக்காட்டியதை அடுத்து 2005-இல் பாஸ்டன் நிர்வாகம் அந்த முறையைக் கைவிட்டது. இத்தகைய சேர்க்கை முறைகளை ஆராயும் துறை, கல்லூரிச் சேர்க்கையைக் கணிதச் சிக்கலாக எடுத்துக்கொண்டு கணித அறிஞர்கள் கேலும் ஷாப்லியும் 1962-இல் எழுதிய கட்டுரையில் இருந்து வளர்ந்தது. ஷாப்லிக்கும், அந்தக் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பொருளியல் அறிஞர் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கலந்தாய்வு பாஸ்டனின் பழைய முறையில் நடப்பதில்லை. தரவரிசை ஒன்றே எல்லாக் கல்லூரிக்கும் பொது என்பதால், ஒரு சுற்றுக்குள் உள்ளதை உள்ளபடி எழுதுபவரைத் தந்திரமாக எழுதுபவர் முந்தவே முடியாது. பழைய முறைக்குப் பொருந்தும் எச்சரிக்கையை இந்த முறையில் கடைப்பிடிப்பதால்தான் பிள்ளைகள் நஷ்டப்படுகிறார்கள்.

“போன வருஷக் கட்-ஆஃபே கிடைக்காது என்று சொல்லும்போது எழுதி என்ன பயன்?” என்று கேட்கலாம். போன வருடக் கட்-ஆஃப், போன வருடம் கடைசி இடம் யாருக்குப் போனது என்பதைக் காட்டும் எண். இந்த வருடத்துக்கான விதி அல்ல. கணிதத் தாள் கடினமாக அமைந்துவிட்டால் எல்லாருடைய கட்-ஆஃபும் இறங்குகிறது. ஒரு கல்லூரியில் கணினி அறிவியலுக்குப் புதிதாக இடங்கள் கூடினால் அதன் கடைசி எண் கீழே வருகிறது. எல்லாரும் கணினி சார்ந்த பிரிவுகளை நோக்கி ஓடும் ஆண்டில், நல்ல கல்லூரியின் சிவில், மெக்கானிக்கல் இடங்கள் எதிர்பாராதவர்களுக்குக் கிடைக்கின்றன. எழுதாமல் விட்டவருக்கு மட்டும் அவை கிடைக்க வழியில்லை. ஹங்கேரியின் இளநிலைச் சேர்க்கை இதற்கு நல்ல சாட்சி. அங்கே ஒரே படிப்புக்கு அரசு கட்டணம் செலுத்தும் இடமும், மாணவரே செலுத்தும் இடமும் தனித்தனி விருப்பங்களாக இருக்கின்றன. இலவச இடத்தை மேலே எழுதுவதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. இருந்தும் கணிசமான விண்ணப்பதாரர்கள் இலவச இடத்தை எழுதாமலே விட்டு, பணம் கட்டும் இடத்தை மட்டும் கேட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நமக்கு அது வராது என்று தாங்களே முடிவுசெய்துகொண்டவர்கள் அவர்களில் இருந்திருக்க வேண்டும். அவர்களில் சிலர் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பழைய கட்-ஆஃபுக்கும் ஒரு பயன் உண்டு: பட்டியல் கீழே எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதை அதைக் கொண்டு தீர்மானிக்கலாம். மேலே வெட்டுவதற்குத்தான் அது உதவாது.

கீழே நீட்டுவதும் முக்கியம். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தும் பத்து, பன்னிரண்டு வரிகளோடு நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிகள் எல்லாம் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றில் மிஞ்சியதில் இருந்துதான் தேட வேண்டும். படிக்க மனமில்லாத கல்லூரியை எழுத வேண்டாம். சேரத் தயார் என்னும் இடம் ஒன்றைக்கூட விட வேண்டாம். கல்லூரிக் குறியீட்டையும் பிரிவுக் குறியீட்டையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். அரசு உதவிபெறும் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவும் இருக்கும். பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் குறியீடும் கட்டணமும் வேறு.

இந்த வாதத்துக்கு எதிராக நிற்கும் கனமான கேள்வி வேறொன்று. விருப்பப்படி எழுது என்கிறோம். பதினேழு வயதில் தன் விருப்பம் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்? அண்ணனும் அக்காவும் பொறியியல் படித்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் பிள்ளைக்கு, மின்னணுப் பொறியியலுக்கும் மின் பொறியியலுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லவே ஆளில்லை. தமிழ்நாட்டில் 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வை 2007-இல் நீக்கியதற்கு, தனிப்பயிற்சிக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். விருப்பப் பட்டியலை எழுதத் தெரியாமல் அதே பிள்ளைகள் பின்தங்கினால், வாசலில் எடுத்த தடையை உள்ளே கொண்டுபோய் வைத்ததாகவே ஆகும். இந்தக் கேள்வியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதற்கு விடை வேறொருவர் பட்டியலை எழுதித் தருவதல்ல, மாணவருக்கு விவரம் கிடைக்கச் செய்வது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. ஒரு பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க முடியும். கட்டணம், விடுதி, வீட்டில் இருந்து பேருந்து வசதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரியின் விளம்பரப் பலகையை மட்டும் நம்ப வேண்டியிராது. பிளஸ் டூ தேர்வு முடிவதற்கு முன்பே ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இரண்டு வகுப்பு ஒதுக்கி, மாதிரிப் பட்டியல் ஒன்றை எழுதவைத்து விளக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அரசுப் பள்ளி மாணவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நமக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லி அந்த ஒதுக்கீட்டில் நல்ல சுயநிதிக் கல்லூரிகளை எழுதாமல் விடுவதற்கு இனிக் காரணம் இல்லை. இது தெரியாமல் உள்ளூர்க் கல்லூரியோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பட்டியலைக் காத்திருந்து எழுதும் பொறுமையைக் கெடுப்பது, கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் பற்றிய பேச்சு. இப்போதே முன்பணம் கட்டினால்தான் இடம், கலந்தாய்வை நம்பினால் ஒன்றும் மிஞ்சாது என்று தரகர்கள் வீடு தேடி வந்து சொல்கிறார்கள். சிறுபான்மையினர் அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன என்பதை இவர்களிடம் பேசும்போது நினைவில் வைக்க வேண்டும். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு மாணவரைக் கட்டிப்போடும் உரிமையும் கல்லூரிக்குக் கிடையாது. குறித்த நாளுக்குள் விலகினால், ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி.

வரிசையை உண்மையாக எழுதுவதன் அருமை, தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகுதான் முழுதாகத் தெரியும். கிடைத்த இடத்தை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே எழுதியவற்றுக்காகக் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருக்கும்போது மேலே உள்ள ஒன்று காலியாகி வந்துவிட்டால், கையில் இருந்த இடம் போய்விடும். அதைத் திரும்பக் கேட்க முடியாது. பக்கத்து வீட்டார் மெச்சுவார்கள் என்று பெயருக்காக மேலே எழுதிய கல்லூரி அந்த நேரத்தில் வந்து நின்றால், மனதுக்குப் பிடித்த பிரிவை விட்டுவிட்டு அதில்தான் சேர வேண்டியிருக்கும். ஆகவே பட்டியலை உறுதிசெய்யும் முன் இரண்டு இரண்டு வரிகளாக எடுத்து, “இவை இரண்டும் என் முன்னால் இருந்தால் எதை எடுப்பேன்?” என்று மாணவரே கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் கீழ் வரி என்றால், கெடு முடிவதற்குள் அதை மேலே நகர்த்திவிடலாம்.