நாடியில் கேட்ட காலடி

நோய் என்ன என்று அறியத்தான் வைத்தியர்கள் நாடி பிடிப்பார்கள். ஜீவன் மஷாய் பிடித்தால் சாவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தாராசங்கர் பந்தோபாத்யாயின் 'ஆரோக்ய நிகேதன்' (1953) என்ற வங்க நாவலின் நாயகன் இந்தக் கிராமத்து வைத்தியர். 1956-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற இந்த நாவல் த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது.

ஜீவனின் குடும்பத்துக்கு வைத்தியம் பரம்பரைத் தொழில். அந்த ஊருக்கு வருகிறார் பெனிசிலின் காலத்து இளம் டாக்டர் பிரத்யோத். பிழைக்க மாட்டாய் என்று நோயாளியிடமே சொல்வது கொடுமை என்று கொதிக்கிறார். ஜீவனுக்கோ அது தர்மம். போகிறவர் மனதைத் தயார்செய்துகொள்ள அவகாசம் வேண்டாமா?

தாராசங்கர் யார் பக்கமும் சாயவில்லை. ஆராய்ச்சிக்கூடம் தந்த மருந்துகள் நாடி கைவிட்டவர்களையும் மீட்கும் என்பதை நாவல் மறைக்கவில்லை. ஜீவனும் பழமைவாதி அல்ல; ஆங்கில வைத்தியமும் பயின்றவர். ஆனால் சொந்த மகனின் சாவையே முன்கூட்டிச் சொன்னவர். மனைவியால் அதை மன்னிக்க முடியவில்லை. துல்லியமான அறிவு எவ்வளவு குரூரமாகவும் இருக்கும் என்பது அந்த வீட்டுக்குள்தான் புரிகிறது.

ஜீவனுக்கு ஆறுதல் மகாபாரதத்தில் இருக்கிறது. உயிர்களைக் கொல்லப் பணிக்கப்பட்ட மிருத்யு தேவி அழுகிறாள்; அவள் கண்ணீரே நோய்களாகிறது. சாவு எதிரியல்ல, அழுதபடி கடமை செய்பவள்.

இதே கேள்வியை தாராசங்கர் 'கவி' நாவலில் மேடைக்குக் கொண்டுபோனார். டோம் வகுப்பில் பிறந்த நிதாய், திருவிழாக்களில் போட்டிப் பாட்டுப் பாடும் கவியாலாகிறான். அவன் நேசிக்கும் ஜூமுர் நடனக்காரி வசந்தா நோயில் மடிகிறாள். அவளைக் காக்கும் மருந்து இல்லாத இடத்தில் நிதாயிடம் மிஞ்சுவது பாட்டு மட்டுமே. தேவகி போஸ் 1949-ல் இதைப் படமாக்கினார்.

மருந்து சாவைத் தள்ளிப்போடுகிறது. பாட்டும் பக்தியும் அதைத் தாங்கச் சொல்லித்தருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம், மீள வழியில்லாதவர் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. அதை எழுத, தன் நிலை நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜீவன் மஷாயின் வாதமும் அதுதான்.