இணைப்பைப் பாருங்கள்

சுவரையும் கூரையையும் தொழிற்சாலையிலேயே வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, கிரேன் கொண்டு பொருத்தும் ஆயத்த வீடுகளை இன்று நம்மவருள்ளும் சிலர் நாடுகின்றனர். ஆண்டவர் கூறிய கோபுர உவமையை நினைந்து செலவைக் கணக்கிடுவோர் பலர். கட்டுபவர் யார் என விசாரிப்போரோ சிலரே. அவ்விசாரணை ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு.

கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் கட்டடம் இவ்விதமே வார்த்த பலகைகளால் எழுப்பப்பட்டது. 1968 மே 16 விடியற்காலை, 18-ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்காக அடுப்பு மூட்டினார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. சுவர் பெயர்ந்து விழ, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்தது. அப்பெண்மணி பிழைத்தார், வேறு நால்வர் மாண்டனர். வடிவமைப்பில் குறை இருந்தது. 1986-இல் கட்டடத்தைப் பிரித்தபோதோ, சாந்து நிறைந்திருக்க வேண்டிய இணைப்புகளில் செய்தித்தாள்கள் திணிக்கப்பட்டிருக்கக் கண்டனர்!

ஆகவே விலைப்பட்டியலை மடித்துவைத்து, அவர் முன்பு கட்டிய வீடொன்றின் முகவரியைக் கேளுங்கள். ஐப்பசி மழைக்குப்பின் அங்கே சென்று, சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஈரக்கறை உண்டா எனப் பாருங்கள். இல்லத்தரசியிடம் பேசுங்கள், கணவரைவிட அவரே உள்ளதைச் சொல்வார். அடித்தளம் இடுபவர் ஒருவர், வீட்டைப் பொருத்துபவர் மற்றொருவர் எனில், ஒழுகும்போது ஒருவரையொருவர் கைகாட்டுவர். இரண்டுக்கும் ஒருவரே எழுத்தில் பொறுப்பேற்கட்டும். மண் பரிசோதனையும், பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடமும் இன்றி முன்பணம் தராதீர். இறுதித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்க அவர் இசைவாரா என்றும் கேளுங்கள். வீடு மந்திரிக்க என்னைப் பிறகு அழைக்கலாம்.