நிஸ்டாட்டின்: மண் தந்த மருந்து

மனித உயிரணுவும் பூஞ்சையின் உயிரணுவும் அமைப்பில் நெருங்கியவை என்பதால், ஒன்றை அழித்து மற்றொன்றைக் காக்கும் மருந்து அரிது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும், இருவேறு ஊர்களில் இருந்தபடி நுண்ணுயிர் மாதிரிகளைக் கண்ணாடிச் சீசாக்களில் அஞ்சல்வழி பரிமாறி ஆராய்ந்து, வர்ஜீனியாப் பண்ணை மண்ணில் வாழ்ந்த பாக்டீரியத்திலிருந்து பிரித்து 1950இல் அறிவித்த நிஸ்டாட்டின் அத்தகைய அரிய மருந்தாகும். மனித உயிரணுவில் இல்லாத எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப்பொருளைப் பூஞ்சையின் சவ்வில் அது பற்றிக்கொண்டு துளையிட, உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து பூஞ்சை மடிகிறது. குழந்தைகளின் நாக்கில் தயிர்த்திட்டுப் போல் வெண்மையாகப் படியும் கேண்டிடா என்னும் பூஞ்சையின் தொற்றுக்கு இன்றும் அது சொட்டு மருந்தாகத் தரப்படுகிறது. உரிமத்தொகையாகச் சேர்ந்த 1.3 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணத்தில் தமக்கென எதுவும் எடுத்துக்கொள்ளாமல், இருவரும் அதை அறிவியல் ஆய்வுக்கே அளித்தனர்.