எலக்ட்ரானிக் பெயின்ட்பால் மார்க்கர்: ஆஃப் பண்ணினாலும் காற்று உள்ளேதான் இருக்கு

(எபிசோடின் பேச்சை வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் என் சித்தி பையன். ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். கூடத் தங்கியிருக்கிறவர் ஒருத்தர் தன்னோட எலக்ட்ரானிக் பெயின்ட்பால் மார்க்கரைப் பாதி விலைக்கு விற்கிறாராம். “அண்ணே, வாங்கி ஊருக்குக் கொண்டு வரட்டுமா?”ன்னு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுட்டான். ஊர்னா ஓட்டப்பிடாரம். உடனே சித்தப்பா, “மயில் விரட்ட ஆகும்னா கொண்டாரச் சொல்லு”ன்னு போட்டார். சித்தி, “அது துப்பாக்கியா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கப்பா”ன்னு கேட்டாங்க.

மூணுமே நியாயமான கேள்விதான். நான் பெங்களூரில் வார இறுதியில் ஒரு பெயின்ட்பால் அரீனாவுக்குப் போறவன். அங்கே இருக்கிற மார்க்கர்கள்ல ஒண்ணே ஒண்ணு எலக்ட்ரானிக். காகிதப்படி அது அரீனாவுக்குச் சொந்தம். ஆனா ரெண்டு வருஷமா அதைக் கழட்டித் துடைச்சு மாட்டுறது நான்தான். அந்த அனுபவத்தை வெச்சு மூணு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்றேன்.

ஏன் ‘மார்க்கர்’?

இது விளையாட்டுக்காகப் பிறந்த பொருள் இல்லை. அமெரிக்காவில் காட்டில் எந்த மரத்தை வெட்டணும், மந்தையில் எந்த மாடுன்னு தூரத்திலிருந்தே சாயத்தால் குறி போட ஒரு கருவி தேவைப்பட்டது. நம்ம ஊர்ல கிடை போடுறவங்க ஆட்டு முதுகில் சாயம் தடவி அடையாளம் வைக்கிற மாதிரிதான். நெல்சன் என்கிற பெயின்ட் கம்பெனி 1970கள்ல விற்ற ‘நெல்ஸ்பாட் 007’ அந்த வேலைக்கு வந்தது.

1981 ஜூன் 27 அன்னைக்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 12 பேர் அதைக் கையில் எடுத்துக்கிட்டு, காட்டுக்குள்ள கொடி பிடிக்கிற ஆட்டம் ஒண்ணு ஆடினாங்க. ஜெயிச்சவர் ஒரு தடவைகூடச் சுடலை. ஒளிஞ்சு ஒளிஞ்சு போய்க் கொடிகளை எடுத்துட்டு வந்துட்டார். எலக்ட்ரானிக் போர்டு வெச்ச மார்க்கர்கள் வந்தது அதுக்கு அப்புறம், 1990களின் நடுவில்.

முதல்ல காற்றைப் புரிஞ்சுக்கணும்

நம்மள மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்க போர்டைத்தான் முதல்ல பார்ப்போம். ஆனா உருண்டையைத் தள்ளுறது காற்று. சாதாரண சிலிண்டர்ல 3,000 பிஎஸ்ஐ, கார்பன் ஃபைபர் சிலிண்டர்ல 4,500 பிஎஸ்ஐ வரைக்கும் அழுத்தம் இருக்கும். உங்க பைக் டயர்ல 30 சொச்சம். அப்போ சின்ன சிலிண்டரே டயரைப் போல நூறு மடங்கு.

இந்த அழுத்தம் நேரா மார்க்கருக்குள்ள போகாது. சிலிண்டர் தலையில் இருக்கிற ரெகுலேட்டர் ஒரு தடவை குறைக்கும். மார்க்கரில் இருக்கிற ரெகுலேட்டர் இன்னொரு தடவை குறைக்கும். கடைசியா வால்வுக்கு வர்றது பல மாடல்கள்ல 200 பிஎஸ்ஐக்குள்ளதான்.

சரி, ஓட்டப்பிடாரத்தில் இதை எங்கே நிரப்புறது? பஞ்சர் கடை கம்ப்ரஸர் நூத்துச் சொச்சம் பிஎஸ்ஐயோட நின்னுடும். தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போறவங்க படகில் வைக்கிற கம்ப்ரஸரும் குறைந்த அழுத்தம்தான். சோடா கம்பெனியில் கார்பன் டை ஆக்சைடு கிடைக்குமேன்னு தோணும். அங்கேதான் நம்ம வெயில் குறுக்கே வருது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள்ள திரவமா இருக்கும். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 830 பிஎஸ்ஐ. 31 டிகிரியில் சுமார் 1,070. அதுக்கு மேல எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமா இருக்காது. நம்ம கரிசக்காட்டில் கோடையில் நிழல்லயே 31 தாண்டிடும். அப்போ சிலிண்டர்ல எவ்வளவு அடைச்சிருக்கோ அதுக்கேத்த மாதிரி அழுத்தம் எகிறும். விடாம சுட்டா எதிர்மாறு: சிலிண்டர் குளிர்ந்து திரவம் வால்வுக்குள்ள இறங்கும், சீல்கள் விறைச்சுச் சுருங்கும். அதனால்தான் பெரும்பாலான எலக்ட்ரானிக் மார்க்கர்களுக்குச் சாதாரண அழுத்தக் காற்று மட்டும்தான்.

கடைசியா சிலருக்கு வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டர் மேல கண் போகும். தயவு செஞ்சு வேண்டாம். மார்க்கருக்குள்ள கிரீஸ் இருக்கு. உயர் அழுத்த ஆக்சிஜனும் கிரீஸும் சேர்ந்தா தீப்பொறியே தேவையில்லை, தானாவே பத்திக்கும். கையில் பிடிச்சிருக்கிறது வெடிச்சிடும்.

விசை கேட்கும், போர்டு முடிவெடுக்கும்

மெக்கானிக்கல் மார்க்கர்ல விசையை இழுத்தா ஒரு கொக்கி விடுபட்டு, ஸ்பிரிங் ஒரு சுத்தியலைத் தள்ளி, வால்வு திறக்கும். எலக்ட்ரானிக்ல விசை வெறும் ஸ்விட்ச். உங்க விரல் போர்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்புது, அவ்வளவுதான்.

போர்டு முதல்ல பார்க்கிறது: இது நிஜமாவே ஒரு அழுத்தமா? ஸ்விட்ச் தொடும்போது உள்ளே இருக்கிற உலோகம் சில மில்லிசெகண்ட் துள்ளும். பழைய கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தினா ரெண்டு விழும் இல்லையா, அதே கதை. அந்தத் துள்ளல் அடங்குற வரைக்கும் காத்திருக்கிறதுக்குப் பேர் டிபவுன்ஸ். இந்த அளவை ரொம்பக் குறைச்சு வெச்சா, ஒரு இழுப்புக்கு ரெண்டு மூணு உருண்டை போகும். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க முதல்ல பார்க்க வேண்டிய செட்டிங் இதுதான். முன்னாடி வெச்சிருந்தவர் எப்படி மாத்தியிருக்கார்னு வெளியிலிருந்து பார்த்தா தெரியாது.

அடுத்தது: குழலுக்குப் பின்னாடி உருண்டை வந்து உட்கார்ந்துருச்சா? அங்கே ஒரு பக்கம் இன்ஃப்ராரெட் எல்இடி, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கிற சென்சார். உருண்டை நடுவில் வந்து ஒளியை மறைச்சாதான் ‘சரி, சுடலாம்’. பாதி இறங்கின உருண்டையை போல்ட் வெட்டி, உள்ளேயே சாயம் தெறிக்காம இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ரெண்டுக்கும் ‘ஆமாம்’னா, போர்டு சோலினாய்டு வால்வுக்குக் கரன்ட் கொடுக்கும். 10 மில்லிசெகண்ட் சுமாருக்கு அது திறந்து மூடும். அந்த இடைவெளியில் வர்ற காற்று போல்ட்டை நகர்த்தி உருண்டையைத் தள்ளிடும்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது புது மெஷினே இல்லை. பருப்பு மில்லில் கலர் சார்ட்டர் பார்த்திருக்கீங்களா? உளுந்து அருவி மாதிரி விழும். கேமரா பார்க்கும். கறுத்த பருப்போ கல்லோ வந்தா போர்டு வால்வைத் திறக்கும், ஒரு துளிக் காற்று வந்து அதை மட்டும் தட்டி விடும். கண், போர்டு, வால்வு, காற்று: அதே நாலு பேர்தான். மில்லில் சென்சார் கண்ணாடியில் தூசி படிஞ்சா மெஷின் நல்ல பருப்பையும் தள்ளும். மார்க்கர்லயும் கண்ணில் சாயமோ கரிசல் தூசியோ படிஞ்சா போர்டு குழம்பும். பேட்டரி இறங்கினா வால்வு முழுசாத் திறக்காது, ஒவ்வொரு உருண்டையும் ஒவ்வொரு வேகத்தில் போகும். மார்க்கர் சொதப்புற நாள்ல நான் முதல்ல பண்றது புது பேட்டரி, சுத்தமான கண், ஓ-ரிங்கில் சரியான கிரீஸ். பெரும்பாலும் அதோட பிரச்சினை முடிஞ்சிடும்.

12 ஜூல், ஆனா ரொம்பச் சின்ன உருண்டை

உருண்டை 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டர் சொச்சம். எடை 3 கிராம் சுமார். மேலே ஜெலட்டின் ஓடு, உள்ளே சாயம். மீன் எண்ணெய் மாத்திரை மாதிரிதான். வேகத்துக்குப் பொதுவான உச்ச வரம்பு விநாடிக்கு 300 அடி, நம்ம கணக்கில் மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர். ஆற்றல் கணக்குப் போட்டா 12.5 ஜூல் வருது.

கோவில்பட்டிக்காரங்களுக்கு ஹாக்கியில் சொன்னா புரியும். 160 கிராம் ஹாக்கிப் பந்து மணிக்கு 45 கிலோமீட்டரில் வந்தா அதே ஆற்றல்தான். நடு மைதானத்தில் சாதாரணமா ஒரு பாஸ். ஆனா ஹாக்கிப் பந்து 7 சென்டிமீட்டருக்கு மேல. முகத்துக்கு வந்தாலும் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அதைத் தாங்கும், பந்து கண்குழிக்குள்ள முழுசா நுழையாது. பெயின்ட்பால் நுழையும். மொத்த ஆற்றலும் விழிமேல இறங்கும். பார்வை போறதுக்கு ஒரே உருண்டை போதும்.

அதனால முகக்கவசம் ஆட்டத்துக்கு மட்டும்னு நினைக்காதீங்க. மார்க்கர்ல காற்று ஏறியிருக்கிற இடத்தில் நிக்கிற எல்லாரும் போடணும், வேடிக்கை பார்க்கிறவங்களும்தான். பைக் ஹெல்மெட், கூலிங் கிளாஸ், லேப் கண்ணாடி எதுவும் அதுக்குப் பதில் ஆகாது.

மூணு கேள்வி, மூணு பதில்

சித்தப்பா, மயிலுக்கு இது ஆகாது. அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். விதைச்ச பாசிப்பயறைக் கிளறிட்டுப் போறதைப் பார்த்துட்டு வயிறு எரியத்தான் செய்யும். ஆனா மயில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. அந்தச் சட்டத்தில் காயப்படுத்துறதும் வேட்டைக் கணக்குதான். சட்டத்தை விட்டாலும், மணிக்கு 330 கிலோமீட்டரில் வர்ற உருண்டை மூணு நாலு கிலோ பறவையை விரட்டாது, ஊனமாக்கும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுக்கிறதுதான் வழி.

சித்தி, அது துப்பாக்கியான்னு கேட்டீங்க. 2016 ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கு ரெண்டு கோடு போடுது: 20 ஜூல் ஆற்றல், 0.177 அங்குலக் குழல். அதைத் தாண்டினா உரிமம். மார்க்கரோட ஆற்றல் கோட்டுக்குள்ள இருக்கு, குழல் விட்டமோ கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதனால ‘பொம்மை’ன்னு சொல்லி சூட்கேஸில் போட்டுட்டு வர்ற பொருள் இது இல்லை.

தம்பிக்கு: ஊருக்குக் கொண்டு வராதே. ஆசை விடலைன்னா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கிற பிரிவிலும் சுங்கத்துறையிலும் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கு. சிலிண்டருக்குத் தனிச் சட்டம் இருக்கு: 2016 கேஸ் சிலிண்டர் விதிகள், நாக்பூரில் இருக்கிற பெசோ அமைப்பின் அனுமதி, குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனை. இவ்வளவும் தாண்டி வந்தாலும் ஓட்டப்பிடாரத்தில் காற்று நிரப்ப இடம் கிடையாது. ஷார்ஜாவில் இருக்கிற வரைக்கும் அங்கே ஒரு அரீனாவில் போய் விளையாடு. இங்கே வந்தா பெங்களூருக்கு வா, நான் கூட்டிட்டுப் போறேன்.

கையில் எடுக்கிறவங்களுக்கு

வாடகைக்கு எடுத்தாலும் சரி, ஆட்டம் முடிஞ்சதும் இந்த வரிசையை மனப்பாடமா வெச்சுக்கோங்க. முகக்கவசத்தைக் கடைசி வரைக்கும் கழட்டாதீங்க.

1. குழல் வாயில் துணி உறையை மாட்டுங்க. தவறிச் சுட்டாலும் உருண்டை அதுக்குள்ள நிக்கும்.
2. உருண்டை கொட்டுற ஹாப்பரைக் கழட்டுங்க. குழலுக்குள்ள உருண்டை தங்கியிருக்கான்னு ஆள் இல்லாத பக்கம் பிடிச்சு உறுதி பண்ணுங்க.
3. சிலிண்டரிலிருந்து வர்ற காற்றை நிறுத்திக் கழட்டுங்க.
4. சிலிண்டர் போன பிறகும் உள்ளே காற்று மிச்சம் இருக்கும், ஒரு உருண்டைக்கு அது தாராளம். பாதுகாப்பான திசையில் விசையை அழுத்தி அதை வெளியேத்துங்க.
5. அதுக்கு அப்புறம்தான் பவர் ஆஃப்.

ஆஃப் பட்டனை ஏன் கடைசியில் வெச்சிருக்கேன்னா, அது போர்டுக்கு மட்டும்தான். முதல்லயே ஆஃப் பண்ணிட்டா மிச்சக் காற்றை வெளியேத்த போர்டு உதவாது. லைட் அணைஞ்சதும் ‘முடிஞ்சது’ன்னு நினைச்சு நாம கவசத்தைக் கழட்டிடுவோம். நம்ம வேலையில் எது சொதப்பினாலும் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். அடைச்சு வெச்ச காற்றுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. அது வெளியே போயிருக்கணும், இல்லைன்னா உள்ளே தயாரா இருக்கு.

அடுத்த எபிசோடில் அந்தக் கலர் சார்ட்டரையே முழுசாக் கழட்டிப் பார்க்கப் போறோம். பருப்பு மில்லில் வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, உங்க மெஷின் எப்போல்லாம் தப்புப் பண்ணும்னு எழுதி அனுப்புங்க.