ஓஎஸ் போடும் வேலை: அன்றும் இன்றும்

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது, சிடி டிரைவ் இல்லாதவர்களுக்காக 13 ஃபிளாப்பிகளாகவும் விற்றார்கள். ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க வேண்டும். பத்தாவது ஃபிளாப்பியைக் கணினி படிக்க மறுத்தால் அதுவரை செய்த வேலை வீண். சிடி பரவிய பிறகும் ஆள் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. 25 எழுத்து கீயை அடித்து முடித்தால், சவுண்ட், டிஸ்ப்ளே, நெட்வொர்க் என்று டிரைவர் தேடும் படலம் தொடங்கும்.

கம்ப்யூட்டர் லேப் வைத்திருந்தவர்களைக் காப்பாற்றியது கோஸ்ட். நியூசிலாந்துக்காரர் மரே ஹஸார்ட் உருவாக்கிய மென்பொருள் அது. 1998இல் சைமன்டெக் வாங்கியது. ஒரு கணினியை முழுதாகத் தயார்செய்து, அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே இமேஜ் எடுத்து மற்றவற்றில் இறக்கிவிடலாம். பிறகு, சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகவே கணினியைக் கிளப்பும் முறையும் வந்தது. ஆனால் இமேஜ் எடுத்த அன்றே அதற்கு வயதாகத் தொடங்கிவிடும். அடுத்த மாதப் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இருக்காது. வேறு மாடல் கணினியில் இறக்கினால் நீலத் திரைதான். வெளியூர்க் கிளைக்கு இன்னொரு சர்வர் வேண்டும், இல்லையேல் ஒரு ஆள் பேருந்து ஏற வேண்டும்.

இன்று அந்த இமேஜே தேவையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மாற்றங்களில் பெரியது இதுதான் என்பேன். 2011இலேயே ஆப்பிள், வட்டு காலியான மேக்கும் இணையத்திலிருந்து ஓஎஸ்ஸை இறக்கிக்கொள்ள வழி செய்தது. விண்டோஸ் 10இல் 2020இல் வந்தது ‘கிளவுட் டவுன்லோட்’. ஓஎஸ்டிகிளவுட் போன்ற கருவிகள் இன்னும் மேலே போகின்றன. சிறிய பென் டிரைவால் கணினியைக் கிளப்பினால் போதும். விண்டோஸ் மைக்ரோசாஃப்டிடமிருந்தும், டிரைவர்கள் டெல், எச்பி, லெனோவா போன்ற தயாரிப்பாளர்களிடமிருந்தும், நிறுவனத்தின் சொந்தக் கோப்புகள் அதன் கிளவுட் சேமிப்பிலிருந்தும் வந்து சேரும். முன்பு, முடித்து வைத்த கணினியைப் படியெடுத்தோம்; இப்போது ஒவ்வொன்றையும் அன்றைய பதிப்பில் புதிதாகக் கட்டுகிறோம். எந்த ஊர், எந்த மாடல் என்ற கவலை பெருமளவு தீர்ந்தது.

இணைய இணைப்பு இருக்கும்வரை மட்டும். நாலைந்து ஜிபி இறங்க வேண்டும். வைஃபை டிரைவரே கிடைக்காவிட்டால் தொடங்கவே முடியாது. இணைப்பு இருந்தும் உதவாத நாளும் உண்டு: 2024 ஜூலை 19இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பூட் ஆகாத கணினிக்குக் கிளவுடிலிருந்து எதை அனுப்புவது? எத்தனையோ அலுவலகங்களில் ஊழியர்கள் கணினி கணினியாகப் போய், வட்டின் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் கீயை அடித்து, பழுதான கோப்பைக் கையால் அழித்தார்கள்.

எனவே கிளவுடுக்கு மாறும் பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் இரண்டு காரியம் செய்யுங்கள்: கிளைக்கு ஒன்றாக முழு ஓஎஸ் உள்ள பென் டிரைவை வைத்து, அவ்வப்போது புதுப்பியுங்கள். பிட்லாக்கர் கீகளை, கணினிகள் எல்லாமே படுத்துவிட்டாலும் எடுக்க முடிகிற இடத்தில் வையுங்கள்.