மூலையில் மங்கும் முத்திரை

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்தபோது, லயன் வீடுகளோடு அவற்றுக்குள் இருந்த பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் தோட்டத்து வீடுகளில் அப்படியான பெட்டிகளில்தான் இருக்கும். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, அங்கிருந்தும் 2009 இல் வெறுங்கையோடு வெளியேறியவர்களுக்கு இந்த இழப்பை விளக்கத் தேவையில்லை.

எஞ்சியவற்றைக் கமராவில் பிரதி எடுத்து வைக்கிறோம். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் உள்ள பெயர் தெளிவாக இருக்கிறது. மூலையில் உள்ள முத்திரையும் பதிவிலக்கமும் கலங்கியிருக்கின்றன. கை நடுங்கியிருந்தால் படம் முழுவதும் கலங்கியிருக்கும். இங்கே கோளாறு பெரும்பாலும் வில்லையில்தான்.

சாதாரண வில்லைகள் தூரத்துக் காட்சிக்கென்றே திருத்தி வடிவமைக்கப்படுகின்றன. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எதிர்மேட்டிலிருந்து எடுத்தால் ஓரம்வரை கூர்மையாக வரும். அதே வில்லையை ஒரு முழத் தூரத்துக் கடதாசிக்குக் குவித்தால் அந்தத் திருத்தம் குலைந்துவிடும். கூர்மையாக விழும் பரப்பு கிண்ணம்போல வளையும், கடதாசியோ தட்டை. நடு பொருந்தும், மூலை பொருந்தாது.

எவ்வளவு குலையும் என்பது குவியமாக்கும் முறையைப் பொறுத்தது. பழைய கமராக்கள் பலவற்றில் வில்லைத் தொகுதி முழுவதும் முன்னே நகரும். மலிவான மடிப்புக் கமராக்களில் முன்கண்ணாடி மட்டும் நகரும். கிட்டத்தில் அது இன்னும் மோசம். 1967 இல் நிக்கோன் தனது 24 மி.மீ. வில்லையில் கண்ணாடித் தொகுதிகளை வெவ்வேறு அளவில் நகரவிட்டு இதைச் சீர்செய்தது. இன்றைய பல வில்லைகளில் உள்ளே ஒரு சிறு தொகுதி மட்டும் நகர்கிறது. வேகம் அதிகம், ஆனால் கிட்டத்தில் குவியத்தூரம் குறைவதால் இன்னும் நெருங்க வேண்டிவரும். பிரதி எடுக்கவென்றால் கிட்டத்துக்கே திருத்தப்பட்ட மக்ரோ வில்லைதான் நல்லது.

கைப்பேசி மட்டும் இருந்தால் நெருங்காதீர்கள். சில கைப்பேசிகள் மிகக் கிட்டத்தில் சொல்லாமலே அகலக்கோணக் கமராவுக்கு மாறிவிடும். கடதாசியை யன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, சற்றுப் பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி, நேர்மேலிருந்து எடுங்கள். கமரா என்றால் துவாரத்தை எப் 8 அளவுக்குச் சுருக்குங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரே படமென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ திகதியோ அங்கே இருக்கலாம்.

நான்கு மூலைகளையும் பெரிதாக்கி வாசித்துப் பார்த்த பிறகே மூலப்பிரதியைப் பெட்டியில் வையுங்கள்.