ஸ்பெயினில் ஒரு மலைவலம்

ஸ்பெயின் என்றவுடன் காளைப்போரும், வெயிலில் வெளிறிய சமவெளியும், தென்பகுதியின் பழம்பெரும் மாளிகைகளுமே நம்மவர் பலரின் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். அந்நாட்டின் வடவிளிம்பிலே, கந்தாபிரியக் கடலுக்கு வெகு அண்மையில், மேகம் கவிந்து பசுமை செழித்து நிற்கும் சுண்ணக்கல் மலைத்திரள் ஒன்றுண்டு என்பதை அறிந்தோர் சிலரே. 'ஐரோப்பாவின் சிகரங்கள்' எனப் பொருள்படும் 'பீக்கோஸ் தெ எவுரோப்பா' என்பது அதன் பெயர். நெடுங்கடல் கடந்து மீண்ட மாலுமிகளுக்கு ஐரோப்பாவின் முதல் அடையாளமாகத் தென்பட்டமையால் இப்பெயர் வந்தது என்பர். அதன் உச்சிகளுட் பல 2,500 மீற்றரை விஞ்சியவை.

அஸ்தூரியாஸ், கந்தாபிரியா, லியோன் என்னும் மூன்று மாகாணங்களும் சந்திக்கும் இவ்விடத்திலே, மலைத்திரளை முழுதாகச் சுற்றிவரும் சாலைத் தொடர் ஒன்றுண்டு. நீளம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். பந்தய வீரன் ஒருவன் ஒரே பகலில் ஓடி முடித்துவிடுவான். நானோ ஜூன் மாதத் தொடக்கத்தில், மூட்டை கட்டிய துவிச்சக்கர வண்டியில், ஆறு நாட் செலவிட்டுச் சுற்றினேன். மலையை வலப்புறம் வைத்துச் சுற்றுவதை வலம் வருதல் என்போம் நாம். அந்நாட்டில் வண்டிகள் செல்வதும் சாலையின் வலப்பக்கமே. ஆதலால் சிகரங்களுக்கும் எனக்கும் இடையே எதிர்வரும் வண்டிகளின் தொல்லை இருக்கவில்லை.

கதையும் வரலாறும்

பயணம் தொடங்கும் ஊர் கங்காஸ் தெ ஒனீஸ். அங்கே ஆற்றின்மேல் வில்லாய் வளைந்து நிற்கும் கற்பாலத்தை 'உரோமர் பாலம்' என்று அழைக்கின்றனர். உண்மையில் அது இடைக்காலத்தது. பெயரொன்றாகவும் பொருளொன்றாகவும் இருக்கும் இந்நிலை அவ்வட்டாரத்தின் வரலாறு முழுவதற்குமே பொருந்தும். சற்றுத் தொலைவிலுள்ள கோவடோங்காவில், பாறைக் குகையொன்றில் பெலாயோ என்பானின் கல்லறையைக் காட்டுகின்றனர். கி.பி. 722 அளவில் அவன் ஒரு சிறு படையுடன் முஸ்லிம் ஆட்சியினரின் படையை இங்கே முறியடித்தான் என்பது மரபு. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட அரசவை நூல்கள் அச்சிறு மோதலைப் பெரும் போராக்கின. பின்வந்தோர் அதனை ஒரு தேசத்தின் பிறப்பாகவே கொண்டாடினர். செந்நிறக் கல்லாலான பெருந்தேவாலயம் 1901ஆம் ஆண்டில் அங்கு எழுந்தது. வரலாற்றை விட வரலாற்றைப் பற்றிய நினைவே சில இடங்களில் வலிமை வாய்ந்தது என்பதற்கு இது சான்று.

கோவடோங்காவிலிருந்து ஏனோல், எர்சீனா என்னும் இரு மலையேரிகளுக்கு ஒரு கிளைச்சாலை ஏறுகின்றது. ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் 850 மீற்றர் உயரம் ஏறவேண்டும். 'வுவெல்ட்டா' எனப்படும் ஸ்பெயின் சுற்றுப் பந்தயம் 1935இல் தொடங்கியதெனினும், இவ்வேரிகளுக்கு முதன்முதல் வந்தது 1983இலே தான். அன்று வென்றவர் மரீனோ லெஹரெத்தா. 'எலும்பிடம்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட பகுதியில் ஏற்றம் நூற்றுக்குப் பதினைந்தாகின்றது. அங்கே வீரர்களின் பெயர்கள் தார்ச்சாலையில் வெண்சாயத்தால் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடப்பதில் இழுக்கொன்றுமில்லை. ஏரிக்கரையில் மேய்ந்த பசுக்களின் மணியோசை நடப்பவனுக்கே முன்னதாகக் கேட்டது.

இவ்வேரிகளைச் சூழ்ந்த பிரதேசமே 1918இல் ஸ்பெயினின் முதல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதற்குப் பெரிதும் உழைத்தவர் பேத்ரோ பிதால் என்னும் பிரபு. 1904இல் நாரங்ஹோ தெ புல்னெஸ் என்ற செங்குத்துச் சிகரத்தில் முதன்முதல் ஏறிய இருவருள் இவர் ஒருவர். மற்றவர் காயின் கிராமத்தைச் சேர்ந்த கிரெகோரியோ பேரெஸ். பிரபு நூல்களில் இடம்பெற்றார். வழிகாட்டிய கிராமத்தவரின் பெயரை மலையேறுவோரே பெரிதும் நினைவில் வைத்துள்ளனர்.

மலையின் ஈரப்பக்கம்

கங்காசிலிருந்து கிழக்கே பானெஸ் வரை செல்லும் வடபுறச் சாலை மலைத்திரளின் ஈரப்பக்கத்தைக் காட்டுவது. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, மழையென்றும் பனிமூட்டமென்றும் சொல்லமுடியாத நுண்டூறலாகப் பொழிகின்றது. அதற்கென்றே 'ஓர்பாயு' என்னும் தனிச்சொல் அஸ்தூரிய மக்களிடம் உண்டு. வீடுகளின் அருகே நான்கு கற்றூண்கள்மேல் மரக்களஞ்சியங்கள் நிற்கின்றன. தூணுக்கும் களஞ்சியத்துக்கும் இடையே தட்டையான கற்பலகை வைத்திருப்பதனால் எலி ஏறமுடியாது. காற்றோட்டத்தினால் தானியமும் பூஞ்சணம் பிடிக்காது. எளிய அறிவின் அழகு இது. அரேனாஸ் தெ கப்ராலெஸ் என்னும் ஊரிலோ இதற்கு நேர்மாறாகப் பூஞ்சணத்தையே துணைக்கழைக்கின்றனர். சுண்ணக்கல் குகைகளின் குளிரிலும் ஈரத்திலும் பாற்கட்டியை மாதக்கணக்கில் வைத்து, நீலம் பாரிக்கச் செய்து உண்கின்றனர். மணம் முகத்தில் அறைவதுபோன்றது. ஆயினும் ஏற்றம் ஏறிக் களைத்தவனுக்கு அது அமிர்தம்.

அரேனாசுக்குத் தெற்கே, காரெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் உள்ளே, புல்னெஸ் என்னும் சிற்றூர் உண்டு. சாலையே இல்லாத ஊர் அது. மக்கள் கோவேறு கழுதைகளுடன் கால்நடையாகவே ஏறி இறங்கினர். 2001ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து இழுவை இரயில் அமைக்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஊரிலே எஞ்சியிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. வழி வருமுன்னரே வழியால் பயனடைய வேண்டியோர் போய்விட்டனர். இச்செய்தி என் மனத்தில் தைத்தது. பயணத்தின் பிற்பகுதியில் இதனினுங் கொடிய காட்சியைக் காணவிருந்தேன்.

கணவாயின் கணக்கு

பானெசிலிருந்து தெற்கே திரும்பினால், தேவா நதி அறுத்த எர்மீதாப் பிளவு தொடங்கும். இருபது கிலோமீற்றருக்கு மேல் இருமருங்கும் பாறைச் சுவர்கள். நடுவே நதிக்கும் சாலைக்கும் மட்டுமே இடம். முன்னும் பின்னும் விளக்கேற்றிச் செல்லுதல் நன்று. பார வண்டிகள் தோளை உரசுமாற்போலக் கடக்கும். பிளவு முடிந்ததும் கதவு திறந்தாற்போல லியேபனாப் பள்ளத்தாக்கு விரிகின்றது. நாற்புறமும் மலை அரண் செய்வதால், கடலுக்கு அண்மையில் இருந்தும் அங்கே கொடிமுந்திரி விளைகின்றது. எட்டாம் நூற்றாண்டில் இங்கிருந்த மடமொன்றிலேதான் பெயாத்துஸ் என்னும் துறவி, விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்பாட்டுக்கு உரை எழுதினார். பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்வுரையின் படிகள் ஓவியங்களால் அணிசெய்யப்பட்டன. அவற்றின் செம்மையும் மஞ்சளும் இன்றும் காண்போரைத் திகைக்க வைப்பன. உலகம் முடியப்போகின்றது என்று அஞ்சிய காலத்தில் ஒரு மூலைப் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த உரை, ஐரோப்பியக் கலைக்கு ஒரு கருவூலமாயிற்று.

பொத்தெஸ் நகரத்திலிருந்து சான் குளோரியோக் கணவாய்க்கு ஏறுவதே மலைவலத்தின் மிகக் கடினமான பகுதி. 300 மீற்றருக்கும் தாழ்ந்த உயரத்திலிருந்து 1,609 மீற்றருக்கு, ஏறத்தாழ 28 கிலோமீற்றர் ஏறவேண்டும். மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது: ஆளும் வண்டியும் மூட்டையுமாக 100 கிலோகிராம் எனக்கொள்வோம். 1,300 மீற்றர் உயர்த்துவதற்கான வேலை, உணவுச் சக்தியாக 300 கிலோகலோரியளவு. மனிதத் தசை, உண்பதில் நான்கிலொரு பங்கையே வேலையாக மாற்றுவதால், தேவைப்படும் உணவு ஏறத்தாழ 1,200 கிலோகலோரி. பொத்தெசில் கொண்டைக்கடலையும் இறைச்சியும் கோவாவும் சேர்த்துக் காய்ச்சும் குழம்பு உண்போர் ஏன் மிகையாக உண்கின்றனர் என்பது அப்போது விளங்கிற்று.

இச்சாலையோரக் காடுகள் வேறொரு நினைவையும் சுமப்பவை. 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின்னரும், தோற்ற தரப்பினர் சிலர் ஆண்டுக்கணக்கில் இம்மலைகளில் மறைந்து வாழ்ந்தனர். அவர்களுள் கடைசியானோரில் ஒருவரான ஹுவானின், 1957இலே இப்பள்ளத்தாக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடிந்தது என்று ஏடுகள் எழுதிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

நீரின் அடியில்

கணவாயைத் தாண்டியதும் உலகமே மாறிவிடுகின்றது. மழை வடக்கே நின்றுவிட, தெற்கே வானம் தெளிந்து, புல்வெளி வெளிறிக் கிடக்கின்றது. மெரீனோ ஆட்டு மந்தைகள் ஸ்பெயினின் தென்மேற்குச் சமவெளியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்து கோடைமேய்ச்சலுக்கு வந்த பூமி இது. 1273இல் அல்பொன்சோ மன்னன் உரிமை வழங்கிய இடையர் சங்கம், 1836 வரை அம்மந்தை வழிகளைக் காத்தது.

இறங்கி வந்தால் றியான்யோ. அங்கே நீலப் பேரேரி ஒன்று, அதனைச் சூழ்ந்து கூரிய சிகரங்கள், நீரின்மேல் நெடும்பாலம். இப்பயணத்தில் இதனினும் அழகிய காட்சியை நான் கண்டேனல்லேன். ஆயின் அது ஏரியன்று. எஸ்லா நதியை மறித்த நீர்த்தேக்கம். லியோன் சமவெளிக்குப் பாசனமும் மின்சாரமும் வேண்டி அணை கட்டப்பட்டது. பழைய றியான்யோவும் அண்டையூர்களுமாக ஒன்பது ஊர்கள் பாதிக்கப்பட்டன. 1986, 1987ஆம் ஆண்டுகளில், மக்களின் எதிர்ப்புக்கிடையே, காவலர் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. 1987 டிசம்பர் 31ஆம் நாள் மதகுகள் மூடப்பட்டன. இன்றைய றியான்யோ கரைமேல் புதிதாகக் கட்டப்பட்ட ஊர்.

கரையோர இருக்கையொன்றில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "அழகான இடம்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியிற் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கைத்தடியை நீட்டி நீரின் ஓரிடத்தைக் காட்டி, "பள்ளிக்கூடம்" என்றார். சற்று இடப்புறமாக நகர்த்தி, "எங்கள் வீடு" என்றார். அதன்பின் நானும் எதுவும் சொல்லவில்லை.

இவ்வட்டாரத்துக்குத் தென்மேற்கே போர்மா நதியிலும் ஓர் அணை உண்டு. அதனைக் கட்டிய பொறியியலாளர் ஹுவான் பெனெத், ஸ்பானிய மொழியின் பெரும் நாவலாசிரியர்களுள் ஒருவர். இம்மலைநாட்டை நினைவூட்டும் கற்பனைப் பிரதேசமொன்றை 1967இல் வெளிவந்த தமது நாவலிலே படைத்தார். அடுத்த ஆண்டில் அவருடைய அணை வெகமியான் என்னும் ஊரை மூழ்கடித்தது. அவ்வூரிலே 1955இல், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஹூலியோ யாமசாரெஸ். பின்னாளில் கைவிடப்பட்ட மலைக்கிராமத்தின் கடைசி மனிதனைப் பற்றி 'மஞ்சள் மழை' என்னும் நாவலையும் (1988), அணையால் பெயர்க்கப்பட்ட குடும்பமொன்றைப் பற்றி வேறொரு நாவலையும் (2015) எழுதியவர் இவரே. ஓர் எழுத்தாளன் கட்டிய அணை, இன்னோர் எழுத்தாளனின் பிறந்த ஊரை விழுங்கிற்று. இவ்விருவருள் எவரையும் குற்றவாளியாக்கி விடுதல் எளிது, நியாயமாகாது. சமவெளி உழவனுக்கும் நீர் வேண்டும். எனினும், நீர் பெற்றவனின் ஆதாயத்தைக் கணக்கிட அளவுகோல்கள் உண்டு. ஊர் இழந்தவனின் இழப்பைக் கணக்கிட இலக்கியமன்றி வேறு அளவுகோலைக் காணோம்.

றியான்யோவிலிருந்து பொன்தோன் கணவாய் 1,280 மீற்றரே; ஏற்றம் இலகு. அப்பால் செய்யா நதியுடன் பெயோஸ் பிளவினூடாகக் கங்காஸ் வரை பெரும்பாலும் இறக்கமே. செல்ல விரும்புவோர்க்கு மேயின் பின்பகுதி, ஜூன், செப்டெம்பர் ஆகியன ஏற்ற காலம். குளிர்காலத்தில் உயர்கணவாய்களைப் பனி மூடும். சிறிய பற்சக்கரமும் நல்ல தடையும் மழையாடையும் இன்றியமையாதன. மோட்டார் வண்டியில் செல்வோன் றியான்யோவில் ஓர் அழகிய ஏரியைப் படம்பிடித்துச் சென்றுவிடலாம். துவிச்சக்கர வண்டியோ ஏற்றந்தோறும் மூச்சுவாங்க நிறுத்தி வைக்கும். நின்ற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் இருப்பார். அவரிடம் நீருக்கு அடியிலுள்ளதைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு சொல்லாவது இருக்கும்.